சட்டி கழுவாத ரசிகர்கள்

சமையலைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சாப்பிட்டு முடிந்த பிறகு பாத்திரம் துலக்குகிறவர்கள் ஒரு ஜாதி. சாப்பிட்டு முடிந்த பிறகு ஏப்பம் விட்டபடி ருசியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிறவர்கள் மற்றொரு ஜாதி. எந்தப் பண்டம் உயர்ந்தது, எது மட்டம் என்று தீர்ப்பு எழுதி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஜாதியார்தான். அந்தத் தீர்ப்புகளில் ஒன்றின் மேல் அப்பீல் செய்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

வழக்கில் சம்பந்தப்பட்டது நம் ஊர்ப் பண்டம் அல்ல. அமெரிக்காவில், வாரத்தின் நடுவிலே, வேலைக்குப் போன தாயும் தகப்பனும் ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் 'பசி, பசி' என்று சமையலறை வாசலில் நிற்பார்கள் அல்லவா? அந்த வேளையில், அரை மணிக்குள் மேஜைக்கு வந்துவிடுகிற ஒரு சாப்பாடு இருக்கிறது. மாட்டுக் கைமா, மக்ரோனி, தக்காளி, சீஸ் என்கிற பாலாடைக்கட்டி, இவை நான்கும் ஒரே வாணலியில் வெந்து குழைந்து, கரண்டியால் எடுத்தால் நூல் நூலாக இழுபடும். குழந்தைகள் அதைத் தின்கிற வேகத்தைப் பார்த்தால் அடுப்படியில் நின்றவளுக்கு வயிறு நிறைந்துவிடும். இதைத்தான் ரசிகர்கள் 'குப்பை' என்கிறார்கள்.

மாட்டிறைச்சி என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் வாசகர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களைச் சாப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் வேறொரு தேசத்துக் குடும்பம் ராத்திரி என்ன தின்கிறது என்று கேட்கச் சகிக்காதவர், அந்தத் தேசத்து நாவல்களை மட்டும் எப்படிப் படிக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. கதாநாயகி அழுகிற இடத்தில் நாமும் அழுகிறோம். அவள் சாப்பிடுகிற இடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வதா? அது போக, நம் நாட்டிலேயே மாட்டிறைச்சி உண்ணும் குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலும் அவர்கள் உண்டு. ஆகவே இந்த முகச்சுளிப்பை இத்துடன் ஓரம் கட்டிவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

ஓஹையோ மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் நான் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். புருஷன் கல்லூரி ஆசிரியர். அம்மாள் ஒரு பல் வைத்தியரிடம் கணக்கு எழுதுகிறார். மூன்று பிள்ளைகள். நான் போய்ச் சேர்ந்த அன்று செவ்வாய்க்கிழமை. அம்மாள் கோட்டைக் கழற்றி மாட்டிய கையோடு அடுப்பைப் பற்றவைத்தார். முப்பத்தைந்தாவது நிமிஷம் வாணலி அப்படியே மேஜைக்கு வந்தது. வாணலியை வைக்கும்போது ஒரு தடவை, என் தட்டில் பரிமாறும்போது ஒரு தடவை, நான் விடைபெறும்போது ஒரு தடவை, ஆக மூன்று தடவை அந்த அம்மாள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "விருந்தாளிக்கு வைக்கிற சாப்பாடே அல்ல இது, இன்றைக்கு நேரமில்லாமல் போய்விட்டது" என்றார். நானோ இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் தடவை கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மூன்று மன்னிப்புகளும் என்னை விடவில்லை. நன்றாகச் சமைத்த ஒரு பெண் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? யார் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்?

முதலில் அவர் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்; தீர்ப்பளிப்பவர்கள் சாட்சியத்தைப் பார்ப்பதே இல்லை, நாமாவது பார்ப்போம். ஆழமான, அடி கனத்த வாணலி ஒன்று. அது நன்றாகக் காய்ந்த பிறகு சுமார் 450 கிராம் கைமாவைப் போட்டார். எண்ணெய் விடவில்லை. அமெரிக்காவில் கைமாவிலேயே கொழுப்பு உண்டு. நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் கொழுப்பு இருந்தால் அதைக் கைமா என்று விற்கக் கூடாதென்று அங்கே சட்டம். வீட்டுச் சமையலுக்கு இருபது பங்கு உள்ளதை வாங்குவார்கள். போட்ட உடனே கிளறவும் இல்லை. அதுதான் கைப்பக்குவம். கிளறிக்கொண்டே இருந்தால் இறைச்சி தண்ணீர் விட்டு அவிந்துபோகும். சும்மா விட்டால் அடிப்பக்கம் பழுப்பேறி, வாணலியின் அடியில் ஒரு காந்தல் படியும். அந்தக் காந்தல்தான் பிற்பாடு குழம்பின் உயிர். மிஞ்சிய கொழுப்பை ஒரு கரண்டி வழித்து எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், நாலு பல் பூண்டு, கொஞ்சம் மிளகாய்த்தூள். பிறகு 400 கிராம் டின் தக்காளி. மூன்று கோப்பை இறைச்சிச் சாறு, அதாவது முக்கால் லிட்டர். அது கொதி வந்ததும் சுமார் 300 கிராம் மக்ரோனியைப் பச்சையாக அப்படியே உள்ளே கொட்டி, மூடி போட்டு, தீயைக் குறைத்து, இடையிடையே அடியைச் சுரண்டிக் கிளறிவிட்டு, பன்னிரண்டு நிமிஷம். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, கையால் துருவிய செடார் சீஸ் 200 கிராமை மூன்று பிடியாகத் தூவிக் கலந்தார். அவ்வளவுதான். ஆறு பேர் உண்டோம்; வாணலி காலி.

இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் இருக்கிறது. மக்ரோனி வேகும்போது மாவுச்சத்து தண்ணீரில் இறங்குகிறது. தனிப் பாத்திரத்தில் வேகவைத்தால் அந்தத் தண்ணீரை வடித்துத் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம், நம்மில் சிலர் சோற்றுக் கஞ்சியை ஊற்றிவிடுவது போல. ஒரே வாணலியில் வேகவைத்தால் அந்தச் சத்து முழுவதும் உள்ளேயே நின்று குழம்பைக் கெட்டிப்படுத்துகிறது. சீஸ் என்பது கொழுப்பும் புரதமும் சேர்ந்த பண்டம். சூடு அதிகமானால் புரதம் சுருண்டு உருண்டையாகிவிடும், கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மிதக்கும். அந்த விபத்தைத் தடுப்பது இந்த மாவுச்சத்துதான். ஆகையால்தான் அடுப்பை அணைத்த பிறகு சீஸ் போட வேண்டும். ஆகையால்தான் கடையில் துருவி விற்கிற சீஸை விடக் கட்டியாக வாங்கிக் கையால் துருவுவது மேல். கடைத் துருவலில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவோ, மரநார்த் தூளோ பூசியிருப்பார்கள். அது சரியாக இளகாது. இறைச்சியின் விஷயத்திலும் ஒரு கண்டிப்பு உண்டு. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி வெளிப்புறத்தில்தான் இருக்கும். அரைத்த இறைச்சியில் அது உள்ளே எங்கும் கலந்துவிடுகிறது. அதனால் கைமா 71 டிகிரி செண்டிகிரேட் சூடு ஏற வேண்டும் என்று அந்நாட்டு விவசாய இலாகா சொல்லுகிறது. கொதிக்கிற குழம்பில் பன்னிரண்டு நிமிஷம் கிடந்த கைமாவுக்கு அந்தக் கவலை இல்லை.

இவ்வளவு விவரமும் அந்த அம்மாளுக்குப் புத்தகமாகத் தெரியாது, கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட கை மன்னிப்புக் கேட்கிறது.

அதற்குப் பொறுப்பாளிகள் இரண்டு தரப்பார். முதல் தரப்பு ரசிகர்கள். இத்தாலிக்கு ஒரு தடவை போய் வந்தவர்கள், அல்லது போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்தவர்கள். அவர்களுடைய சாஸ்திரம் இது: பாஸ்தாவைப் பெரிய பானை நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டுத் தனியே வேகவைக்க வேண்டும்; பல்லுக்குத் தட்டுப்படும் பதத்தில் வடிக்க வேண்டும்; குழம்பைத் தனியே செய்ய வேண்டும்; மற்றதெல்லாம் காட்டுமிராண்டித்தனம். இதை அவர்கள் வேதம் போலச் சொல்லுகிறார்கள். அந்த வேதத்தை இத்தாலியின் ஏழைகள் ஒப்புக்கொண்டார்களா என்று மட்டும் அவர்கள் விசாரிப்பதில்லை.

நேப்பிள்ஸ் நகரத்தில் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் சேர்த்து ஒரே பானையில் வேகவைக்கிற பழைய சாப்பாடு ஒன்று உண்டு. கடைக்காரரிடம் மூட்டையின் அடியில் மிஞ்சிய உடைசல் பாஸ்தாவை, பல ஜாதி கலந்தபடி, மலிவாக வாங்கிவந்து அதில் போடுவார்கள். கிழங்கின் மாவும் பாஸ்தாவின் மாவும் கலந்து கெட்டியாகிறபோது, புகையில் பதமிட்ட புரோவோலா சீஸைப் போட்டுக் கிளறுவார்கள். இழை இழையாக இழுபடும். ஓஹையோ அம்மாளின் வாணலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கைமா ஒன்றுதான். பாரி நகரத்திலோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அங்கே 'கொலைகாரி' என்ற பொருள்படும் பெயரில் ஒரு ஸ்பாகெட்டி உண்டு. பச்சை ஸ்பாகெட்டியை இரும்பு வாணலியில் நேராகப் போட்டு, தக்காளிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு, அடி பிடித்துக் கருகும் வரையில் விட்டுவிடுகிறார்கள். தண்ணீரில் தனியே வேகவைப்பது என்ற பேச்சே இல்லை. இத்தாலியர்கள் இத்தாலியில் செய்தால் அது கலாசாரம். அமெரிக்கத் தாய் ஒருத்தி செவ்வாய்க்கிழமை ராத்திரி செய்தால் அது காட்டுமிராண்டித்தனம்! இது என்ன நியாயம் ஐயா?

மாட்டிறைச்சி எப்படி உள்ளே நுழைந்தது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. ரசிகர்கள் அதையும் மறைத்துவிடுகிறார்கள். 1880-க்கும் 1920-க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் ஏழைக் குடியானவர்கள். சொந்த ஊரில் அவர்கள் இறைச்சியைக் கண்டது திருவிழா நாட்களில்தான். அமெரிக்காவில் தொழிற்சாலைக் கூலியை வாங்கிக்கொண்டு கசாப்புக் கடைக்குப் போனபோது, வாரத்தில் சில நாளாவது மாட்டிறைச்சி வாங்குவதற்குக் காசு இருந்தது. வாங்கினார்கள், பாஸ்தாவின் மேல் போட்டார்கள். பசித்த ஜனங்கள் வயிறார உண்ண ஆரம்பித்ததன் அடையாளம் அந்தக் குவியல். அதைப் பார்த்து 'அசல் அல்ல' என்கிறவர் எந்த அசலைத் திரும்பக் கொண்டுவர விரும்புகிறார்? திருவிழாவுக்குத் திருவிழா இறைச்சி என்ற அசலையா?

பெயர் விஷயத்தில் அமெரிக்கர்களைக் கொஞ்சம் பரிகாசம் செய்யலாம். அதற்கு நானும் சம்மதிக்கிறேன். நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் கைமாவும் மக்ரோனியும் தக்காளியும் சேர்ந்த இந்தப் பண்டத்துக்கு 'அமெரிக்கன் சாப்ஸி' என்று பெயர். சீனாவுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. மத்திய மாகாணங்களில் அதற்கே 'குலாஷ்' என்று பெயர்; ஹங்கேரிக்காரர் ஒருவர் பார்த்தால் மூர்ச்சை போட்டு விழுவார். ஓஹையோவில், கொலம்பஸ் நகரத்து ஹோட்டல்காரக் குடும்பம் ஒன்றின் பெயரால் 'ஜானி மார்ஸெட்டி' என்கிறார்கள். அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டில் அதைத் தின்னாமல் வளர்ந்தவர்கள் குறைவு. மூன்று பெயர், சற்றேறக்குறைய ஒரே சாப்பாடு. பெயர் வைக்கத் தெரியாதவர்கள், வாஸ்தவம். சமைக்கத் தெரியாதவர்கள் அல்லர்.

இரண்டாவது தரப்பு கம்பெனிக்காரர்கள். இவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அதிகம். ரசிகர்கள் வெறுமனே பரிகசிக்கிறார்கள். இவர்களோ அந்தப் பரிகாசத்தைப் பெட்டியில் அடைத்து விலைக்கு விற்றார்கள்.

1937-ல் கிராஃப்ட் கம்பெனி மக்ரோனியும் சீஸ் தூளும் அடங்கிய பெட்டி ஒன்றை 19 சென்ட்டுக்கு விற்க ஆரம்பித்தது. நாலு பேருக்குச் சாப்பாடு. பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தவித்த காலம் அது. அடுத்து யுத்தம் வந்தது, 1943-ல் இறைச்சியும் சீஸும் ரேஷனுக்குப் போயின. அந்தப் பெட்டி எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டியைப் பார்த்து ருசி போதாது என்கிறவன் மனிதனல்ல.

1971-ல் வேறொரு பெட்டி நாடு முழுவதும் கடைகளுக்கு வந்தது. ஜெனரல் மில்ஸ் கம்பெனியாருடையது. பெயர் 'ஹாம்பர்கர் ஹெல்ப்பர்'. கைமா சமைப்பவளுக்கு உதவியாள் என்று அர்த்தம். இறைச்சி விலை ஏறிக்கொண்டிருந்த காலம்; 1973 மார்ச்சில் ஜனாதிபதி நிக்ஸன் இறைச்சிக்கு உச்சவிலை கட்டினார்; ஏப்ரல் முதல் வாரத்தில் நாடு முழுவதும் குடும்பப் பெண்கள் இறைச்சி வாங்க மறுத்து மறியல் செய்தார்கள். ஒரு ராத்தல் கைமாவை வைத்து ஐந்து பேருக்குப் பரிமாறியாக வேண்டும் என்ற கட்டாயத்தில் இந்தப் பெட்டி அமோகமாகப் போயிற்று.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். உலர்ந்த மக்ரோனி கொஞ்சம். உப்பும் மாவும் சீஸ் தூளும் மசாலாவும் கலந்த பொட்டலம் ஒன்று. இறைச்சி? நீ வாங்கிக்கொள். பால்? நீ ஊற்றிக்கொள். வாணலி, நெருப்பு, கைமாவை வதக்குகிற கை, நின்று கிளறுகிற கால், பிறகு துலக்குகிற தேங்காய் நார், எல்லாம் உன்னுடையது. பெட்டியோ உதவியாள்! வேலைக்காரி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவளை நம் ஊரில் என்னவென்று சொல்லுவோம்? வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கிற மக்ரோனியையும் சீஸையும் மிளகாய்த்தூளையும் போட்டால் ஆகிற நேரத்துக்கும் பெட்டியைப் பிரித்துக் கொட்டினால் ஆகிற நேரத்துக்கும் ஐந்து நிமிஷம் வித்தியாசம் இருந்தால் அதிகம். ஆகவே அவர்கள் விற்றது நேரமல்ல; 'உனக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்' என்ற சொல்லைத்தான் விற்றார்கள்.

இதை யார் வாயால் சொல்ல வைத்தார்கள் என்பது அதைவிட வேடிக்கை. பெட்டி கிராக்கர் என்ற அம்மாளின் முத்திரை அந்தச் சரக்கின் மேல் இருந்தது. அப்படி ஒரு அம்மாள் பிறக்கவே இல்லை. 1921-ல் ஒரு மாவுக் கம்பெனி, சமையல் சந்தேகம் கேட்டு எழுதிய பெண்களுக்குப் பதில் கையெழுத்திடுவதற்காகக் கற்பித்த பெயர் அது. கம்பெனியின் ஓய்வு பெற்ற டைரக்டர் ஒருவருடைய குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, காதுக்கு இனிமையாக 'பெட்டி' என்பதை முன்னால் சேர்த்தார்கள். பிறகு படம் எழுதினார்கள்; ரேடியோவில் பேச வைத்தார்கள். 1945-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகை, அமெரிக்காவில் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடி ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெண் என்று இந்தப் பிறவாத அம்மாளைச் சொல்லிற்று. நானும் இல்லாதவர்களைப் படைத்துத்தான் பிழைக்கிறேன். கற்பனைப் பாத்திரத்தைப் பற்றி எனக்குத் தொழில் பொறாமை கிடையாது. ஆனால் என் கதாநாயகி எவளும் வாசகியின் வீட்டுக்குள் புகுந்து, 'நீ செய்வது சரியில்லை. என்னிடம் வாங்கு' என்று சொன்னதில்லை.

பெட்டியை வாங்கினவளிடம் எனக்குச் சண்டை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலை பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வீடு வருகிறவள் எதை வேண்டுமானாலும் கொட்டிக் கிளறட்டும். அவளைக் கேட்க நான் யார்? விற்றவனிடம்தான் வழக்கு.

இந்த இரண்டு தரப்பாருக்கும் நடுவே ஒரு பெண் எழுந்து நின்று பேசினாள். அவள் பெயர் பெக் பிராக்கன். விளம்பரம் எழுதுகிற வேலை பார்த்தவள். சமைக்கப் பிடிக்காதவர்களுக்கு என்று 1960-ல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டாள். சமையல் என்பது பெண்ணின் பிறவிப் பேரின்பம் என்று பத்திரிகைகள் எல்லாம் பஜனை பாடிக்கொண்டிருந்த வேளையில், 'எனக்கு அலுப்பாக இருக்கிறது' என்று ஒருத்தி பகிரங்கமாகச் சொன்னது சின்ன விஷயமா? அவளுடைய புருஷனும் எழுத்தாளர்தான். கைப்பிரதியைப் படித்துப் பார்த்துவிட்டு, நாற்றமடிக்கிறது என்று ஒரே வார்த்தையில் விமரிசனம் செய்தாராம். பிரசுராலயங்களிலே ஆண் ஆசிரியர்கள் பலர் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு பெண் ஆசிரியை கையில் போய்ச் சேர்ந்தது, அச்சேறியது, முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முப்பது லட்சம் பேர் காத்துக்கொண்டிருந்த ஒரு வார்த்தை அந்த மேதாவிகளின் காதில் மட்டும் விழவில்லை! புருஷனும் அவளும் சில வருஷங்களில் பிரிந்துவிட்டார்கள். அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். விமரிசகர்கள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது என்று மட்டும் சொல்லுவேன்.

இனி வாணலிக்கே வருவோம். 'ஒரே வாணலி' என்று எதற்காக அழுத்திச் சொல்லுகிறார்கள்? ருசிக்காகவா? மாவுச்சத்தின் காரியம் பற்றி மேலே சொன்னேன், அது உண்மைதான். ஆனால் இந்தச் சமையலைக் கண்டுபிடித்தவளின் மனத்தில் மாவுச்சத்து இருந்திருக்காது. தொட்டியில் குவிந்து கிடக்கிற பாத்திரங்கள்தான் இருந்திருக்கும். சமையல் புத்தகங்கள் எல்லாம் பரிமாறுகிற இடத்தில் முடிந்துவிடுகின்றன, கதைகளும் அப்படித்தான். எத்தனையோ நாவல்களில் விருந்து படித்திருக்கிறோம். மேஜை விரிப்பு, மெழுகுவர்த்தி, சம்பாஷணை, ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை, எல்லாம் உண்டு. விருந்து முடிந்த பிறகு பிசுக்கேறிய சட்டியைச் சுரண்டிக்கொண்டு நின்றவளை எத்தனை நாவலாசிரியர்கள் எட்டிப் பார்த்திருக்கிறோம்? நம் கூட்டத்தையும் சேர்த்தேதான் கேட்கிறேன்.

அமெரிக்க சர்க்கார் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. ஜனங்கள் நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தொழிலாளர் புள்ளிவிவர இலாகா 2003 முதல் விசாரித்து வருகிறது. அந்த வருஷம், ஒரு சாதாரண நாளில், சமைப்பதிலோ சமைத்த இடத்தைச் சுத்தம் செய்வதிலோ கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 35 பேர். பெண்கள் 66 பேர். பதினைந்து வருஷம் கழித்து 2018-ல் ஆண்கள் 46, பெண்கள் 69. ஆண்கள் முன்னேறியிருக்கிறார்கள், மறுக்கவில்லை; ஆனால் அவர்கள் அடுப்படிக்கு வந்ததால் பெண்கள் யாரும் அங்கிருந்து வெளியே போய்விடவில்லை என்பதையும் அந்தக் கணக்கே சொல்லுகிறது. இதற்கிடையில் வேலைக்குப் போகிற பெண்களின் கணக்கு என்ன ஆயிற்று? 1950-ல் நூற்றுக்கு 34 ஆக இருந்தது, 1970-ல் 43 ஆகி, 1999-ல் 60 ஆயிற்று. வெளியே ஒரு வேலை கூடியது. வீட்டு வேலை அப்படியே நின்றது. நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம்தான் என்பது மாறவில்லை. மீதமாக்குவதற்கு அவளுக்கு என்ன அகப்பட்டது? பாத்திரம்தான் அகப்பட்டது. நாலு பாத்திரத்தை ஒன்றாக்கினாள். அந்த ஒரு பாத்திரத்தில் ருசியும் கெடாமல் பார்த்துக்கொண்டாள். இதைச் சோம்பேறித்தனம் என்கிறவர்களை நான் மரியாதையாகவே கேட்கிறேன்: கடைசியாக நீங்கள் சட்டி கழுவியது எந்த வருஷம்?

'குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் போய்விட்டது. நாகரிகம் அழிகிறது' என்று அங்கேயும் பெரியவர்கள் புலம்புகிறார்கள். புலம்புகிற அதே வாய்தான் ஒரு வாணலிச் சாப்பாட்டையும் இகழுகிறது. வாரநாளில் ஐந்து பேர் ஒரே மேஜையில், ஒரே நேரத்தில், சூடாக உண்ண வேண்டுமென்றால் சமையல் அரை மணியில் முடிந்தாக வேண்டும். சமைத்தவளும் கூட உட்கார்ந்தாக வேண்டும். நாலு வகைப் பதார்த்தம் செய்கிற வீட்டில் மூன்றாவது வகை மேஜைக்கு வரும்போது நாலாவதைக் கிளறிக்கொண்டு ஒருத்தி அடுப்படியில் நிற்கிறாள். ஓஹையோ அம்மாள் எங்களோடு உட்கார்ந்திருந்தார். மூத்த பெண்ணின் கணக்குப் பரீட்சையைப் பற்றி விசாரித்தார். சின்னவன் தன் தட்டில் சீஸ் குறைவு என்று சண்டை பிடித்தான். அவனுக்கு வாணலியின் ஓரத்தில் பொரிந்து ஒட்டியிருந்த சீஸைச் சுரண்டிப் போட்டார். அந்த ஓரத்துக்காக மூன்று பிள்ளைகளும் தினுசு தினுசாக வழக்காடியதை நான் பார்த்தேன். ஒரு சட்டியிலிருந்து எல்லோரும் எடுத்து உண்பதால் குடும்பம் எப்படிக் கெட்டுப்போகும் என்று எனக்குப் புரியவில்லை. சாம்பார் சாதத்தை ஒரே அண்டாவில் கிளறி இறக்கி, ஊரையே உட்கார்த்தி வைத்துப் போடுகிறவர்கள் நாம். நமக்குப் புரியாததில் ஆச்சரியமும் இல்லை.

ருசி போதாது என்கிறவர்களுக்கு வேண்டுமானால் ஒரு வார்த்தை. போதாதுதான், சில வீடுகளில். கைமாவைச் சிவக்க விடாமல் அவித்துவிடுகிறார்கள். உப்பை இறைச்சிச் சாற்றிலும் சீஸிலும் இருப்பதைக் கணக்கில் கொள்ளாமல் போட்டுவிடுகிறார்கள். மக்ரோனியைக் கூழாகும் வரை விட்டுவிடுகிறார்கள். இவையெல்லாம் சமைப்பவரின் குறை. ஒன்றரை நாள் கொதிக்கவைத்த குழம்பிலும் இந்தக் குறைகள் வரும். இறக்குவதற்கு இரண்டு நிமிஷம் முன்னாலே, மக்ரோனி இன்னும் சற்று விறைப்பாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மூடி போட்டு வைத்தால் மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும். மறுநாள் மிஞ்சினால் கால் கோப்பைப் பால் விட்டுச் சுடவைத்தால் மறுபடி இளகும். இவ்வளவும் தெரிந்துகொள்வதற்கு இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. பெட்டி வாங்க வேண்டியதும் இல்லை.

ரசிகர் இதற்கும் ஒப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். பாஸ்தாவைத் தனியாகத்தான் வேகவைக்க வேண்டும் என்பார். சரி, வேகவைக்கட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பசித்த பிள்ளைகள் மூன்று பேர் காலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வேகவைக்கட்டும். பெரிய பானை ஒன்று, வடிதட்டு ஒன்று, கைமாவுக்கு வாணலி ஒன்று, சீஸ் குழம்புக்குச் சட்டி ஒன்று. பரிமாறட்டும். பிறகு அந்த நாலையும் சீஸ் காய்ந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் வெந்நீர் விட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதட்டும். அந்தக் கட்டுரையை நான் படிக்கிறேன்.